லில்லியன் கிஷ் அம்மையாரும் எம் தமக்கையாரும்

இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு யாதேனும் எழுதியுதவுமாறு ஆசிரியர் எம்மைக் கேட்டுக்கொண்டபோது, பழஞ்செய்யுள் ஒன்றைப் பற்றியோ கல்லூரியின் பழைய நாட்களைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர் எண்ணியிருத்தல் வேண்டும். யாமோ அமெரிக்க நாட்டுச் சினிமா நடிகை ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். யாம் இங்குப் பயின்ற நாளில், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு விடுதி மதிலேறிக் குதித்து அகப்பட்ட மாணாக்கரின் பெயர் மறுநாட் காலை ஜெப வேளைக்குப் பின் உரக்க வாசிக்கப்படும். எம் பெயர் ஒருநாளும் வாசிக்கப்பட்டதில்லை. யாம் அகப்படவில்லை என்பதன்றி அதற்கு வேறு காரணம் இல்லை என்பதை, ஐம்பது ஆண்டு கழிந்துவிட்ட துணிவினால், இப்போது ஒப்புக்கொள்ளுகின்றோம்.

நடிகையின் பெயர் லில்லியன் கிஷ். சினிமாக் கலை தோன்றிப் பதினேழாண்டுகளே கழிந்திருந்த 1912-ஆம் ஆண்டில் அவர் முதன்முதற் படத்தில் நடித்தார். 1987-ஆம் ஆண்டில் அவருடைய கடைசிப் படம் வெளிவந்தது. இடைப்பட்ட காலம் 75 ஆண்டுகள். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் பல உள. அவற்றைச் சுருக்கித் தருவது எம் கருத்தன்று. சென்ற ஓராண்டாக அவருடைய படங்களை எம் தமக்கையாருக்கு வாயாற் சொல்லிக் காட்டும்படி நேர்ந்தது. அதனால் யாம் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

எம் தமக்கையார் எம்மினும் எட்டாண்டு மூத்தவர். கிராமத்துப் பெண் பாடசாலை ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணழுத்த நோயினால் அவர் பார்வை சிறிது சிறிதாகச் சுருங்கி, ஒளியையும் இருளையும் மட்டும் பகுத்துணரும் நிலைக்கு வந்துவிட்டது. அவரைத் தனியே கிராமத்தில் விட்டுவைத்தல் தகாதென்று யாம் வற்புறுத்தி நகரத்திலுள்ள எம் இல்லத்திற்கு அழைத்து வந்தோம். மாலைதோறும் திருமறையில் ஓர் அதிகாரமும், பின்பு செய்தித்தாளும் வாசித்துக் காட்டுவோம். எஞ்சிய நேரத்தில் அவர் ஜன்னலோரக் கட்டிலில் அமர்ந்திருப்பார். யாம் எம் வேலையைப் பார்ப்போம்.

அங்ஙனம் ஒருநாள் மாலை, கணினித் திரையில் யாம் மட்டும் ஒரு ஊமைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்துடன் சேர்த்திருந்த பியானோ இசை அவர் செவியில் விழுந்தது. “அரைமணி நேரமாகப் பாட்டு ஓடுகிறது; ஒருவரும் வாய் திறக்கவில்லையே, அது என்ன?” என்றார். ஊமைப் படம் என்றோம். “நீ பார்க்கிறாய், அவர்கள் பேசவில்லை. நான் கேட்கிறேன், பார்க்கவில்லை. நடுவில் நீ சும்மா இருக்கிறாய்” என்றார். எமக்கு வெட்கமாயிற்று. படத்தை முதலிலிருந்து ஓட்டி, கண்டதைக் கண்டவாறு சொல்லத் தொடங்கினோம்.

அப்படம் 1921-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘புயலில் அகப்பட்ட அநாதைகள்’ என்பது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதை. ஹென்றியெத், லூயீஸ் என்னும் இரு சகோதரிகள். இவர்களுள் லூயீஸ் பார்வையற்றவள். பாரிஸ் மாநகரில் இருவரும் பிரிக்கப்படுகின்றனர். குருட்டுத் தங்கை ஒரு கொடிய கிழவியின் கையில் அகப்பட்டுத் தெருத் தெருவாய்ப் பாடிப் பிச்சையெடுக்கின்றாள். ஒருநாள் மாடியறை ஒன்றில் இருக்கும் ஹென்றியெத்தின் செவிக்கு அப்பாட்டு எட்டுகின்றது. லில்லியன் கிஷ் ஹென்றியெத்தாகவும், அவருடைய சொந்தத் தங்கையாகிய டாரதி கிஷ் லூயீஸாகவும் நடித்தனர்.

ஒலியே இல்லாத படத்தில் ஒரு பாட்டைக் கேட்பது எவ்வாறு? லில்லியன் அதனை முகத்தினால் கேட்கின்றார். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை விட்டு மெல்லத் தலை நிமிர்கின்றார், இது பிரமையோ என்று ஐயுறுகின்றார், அறிகின்றார். பின்பு மாடி முகப்பிற்கு ஓடிக் கீழே பார்க்கின்றார். கீழே தங்கை, குரல் எத்திசையிலிருந்து வருகின்றதென்று தெரியாமல் தெருவில் தடுமாறுகின்றாள். அக்கணமே ஹென்றியெத்தைச் சேவகர் பிடித்துக்கொண்டு போகின்றனர். யாம் இக்காட்சியைச் சொல்லி முடித்தபோது தமக்கையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “கைகளை எப்படி வைத்திருக்கிறாள், அந்தக் குருட்டுப் பெண்?” என்று கேட்டார். இரு கைகளையும் முன்னே நீட்டிக் காற்றைத் துழாவுகின்றாள் என்றோம். “தெருவில் அப்படி ஒருவரும் நீட்டுவதில்லை, தம்பி. கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு காதைத்தான் நீட்டுவோம்” என்றார். அன்று முதல் அவருக்கு ஊமைப் படம் சொல்லுவதற்கு ஒரு விதி ஏற்பட்டது: முகபாவத்தைப் பற்றி யாம் அடைமொழி அடுக்குதல் கூடாது, கைகள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லுதல் வேண்டும்.

இவ்விதியினால் எமக்கு விளைந்த நன்மை பெரிது. லில்லியன் கிஷ்ஷின் கலையிற் பாதி அவர் கைகளில் இருக்கின்றது என்பதை அதன் பின்னரே கண்டோம்.

நிற்க. அவர் வரலாற்றைச் சிறிது கூறுவோம். ஒஹையோ மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பிறந்தார். தங்கை டாரதி 1898-இல் பிறந்தார். தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டார். தாயார் நாடக மேடையேறிப் பிழைக்க நேர்ந்தது. பெண்மக்கள் இருவரும் பள்ளிக்குச் செல்லவேண்டிய பருவத்தில் ஊர் ஊராய்ச் செல்லும் நாடகக் கூட்டங்களில் நடித்து வளர்ந்தனர். அக்காலத்துத் தோழியருள் ஒருத்தி கிளாடிஸ் ஸ்மித் என்பவள். 1912-இல் அவளைத் தேடி நியூயார்க் நகரத்துப் பயாகிராப் கம்பெனிக்குச் சகோதரியர் சென்றபோது, அவள் மேரி பிக்போர்டு என்னும் புதுப்பெயருடன் படங்களில் நடித்துக்கொண்டிருந்தாள். அவளே இவர்களை டி. டபிள்யூ. கிரிபித் என்னும் டைரக்டரிடம் சேர்ப்பித்தாள். கிரிபித்துக்கு இருவரையும் வேறு பிரித்தறிய இயலவில்லை. ஆதலின் ஒருத்திக்கு நீல நாடாவும் மற்றவளுக்குச் சிவப்பு நாடாவும் தலையிற் கட்டச் செய்து, நாடாவின் நிறத்தைச் சொல்லியே கட்டளையிட்டாராம். அச்சத்தை எங்ஙனம் காட்டுகின்றனர் என்று சோதிக்கக் கைத்துப்பாக்கியைச் சுட்டுக்கொண்டே அறை முழுவதும் துரத்தினாராம். இவை லில்லியன் அம்மையார் பிற்காலத்தில் தாமே கூறியவை. முதற்படம் ‘காணாப் பகைவன்’, ஒரே ரீல். பூட்டிய அறைக்குள் அகப்பட்ட இரு சகோதரிகளை நோக்கிச் சுவரின் துளை வழியே ஒரு துப்பாக்கி நீளுகின்றது. தமக்கையார் இப்படத்தை மிகவும் விரும்பினார். காரணம், யாம் விரைந்து சொல்லி முடித்தது.

1919-இல் வெளிவந்த ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் படத்தைச் சொல்லுவது எளிதாய் இருக்கவில்லை. லண்டன் மாநகரின் லைம்ஹவுஸ் என்னும் ஏழைப் பகுதியிலே, குத்துச்சண்டைக்காரனாகிய தகப்பனால் நாடோறும் அடிக்கப்படும் லூசி என்னும் சிறுமி. லில்லியனுக்கு அப்போது 25 வயது. கூனிக் குறுகிய தோள்களினாலேயே தம்மைச் சிறுமியாக்கிக்கொண்டார். தகப்பன் அவளைச் சிரி என்று அதட்டுகின்றான். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது. இரண்டு விரல்களை வாயின் இரு கோடிகளிலும் வைத்து மேலே தள்ளிச் சிரிப்பை உண்டாக்கிக் காட்டுகின்றாள். படத்தின் முடிவில், தகப்பன் கோடரியாற் கதவை உடைக்க, சிறு அலமாரியறைக்குள் அடைபட்டு நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று அலறுகின்றாள். அவ்வலறல் நமக்குக் கேட்பதில்லை. இங்கு, கைகளை மட்டும் சொல்லும் விதியை யாம் மறந்து ஏதேதோ கூறிவிட்டோம். தமக்கையாரும் எம்மைத் திருத்தவில்லை. முப்பத்துநான்கு ஆண்டு ஆசிரியையாய் இருந்தவருக்கு, விரல்களாற் சிரிப்பை உண்டாக்கும் பிள்ளைகள் சிலரைத் தெரிந்திருந்தது. இரண்டு பெயர்களைச் சொன்னார். அவற்றை ஈண்டு எழுதுதல் முறையன்று. அப்படத்தில் அச்சிறுமிக்கு இரங்கும் சீனனாக நடித்தவர் ஒரு வெள்ளையர் என்பதையும் கேட்டறிந்து, “சீனன் ஒருவனும் கிடைக்கவில்லையா?” என்று மட்டும் சொன்னார்.

இவ்வினாவே எம்மை 1915-ஆம் ஆண்டிற்குக் கொண்டு போயிற்று. அவ்வாண்டை யாம் வேண்டுமென்றே தாண்டிச் சென்றிருந்தோம்; வருஷக் கணக்கை மனத்தில் வைத்திருந்த தமக்கையார் அதனைக் கண்டுகொண்டார். ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்பது அவ்வாண்டில் வெளிவந்த பெரும்படம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடுவது. சினிமா என்னும் கலைக்கு அது காட்டிய வழிகள் பல என்பர். அவ்வழியே அது ஏற்றிச் சென்ற சுமையோ நச்சுச் சுமை. கறுப்பு மக்களை மூடராகவும் காமுகராகவும் காட்டி, முகமூடியிட்டுக் கொலை புரிந்த கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தாரை வீரராகக் காட்டிய படம் அது. முக்கியமான கறுப்புப் பாத்திரங்களிற் பலவற்றை முகத்திற் கரி பூசிய வெள்ளையரே நடித்தனர். கறுப்பு மக்களின் உரிமைச் சங்கத்தார் பல நகரங்களில் எதிர்த்து நின்றனர். செத்துக் கிடந்த கிளான் கூட்டம் அவ்வாண்டிலேயே மீண்டும் தலையெடுத்தது. அதற்கு இப்படம் தந்த ஊக்கம் சிறிதன்று. இதிலே, காப்பாற்றப்பட வேண்டிய வெள்ளைக் கன்னியாக, எல்சி என்னும் பாத்திரத்தில் தோன்றியவர் நம் லில்லியன் கிஷ்.

இருபத்தொரு வயதுப் பெண், டைரக்டர் சொன்னதைச் செய்தாள் என்று யாம் வாதாடினோம். அது முழு வாதமன்று என்பது எமக்கே தெரியும். ஏனெனில் அம்மையார் அதன் பின் 78 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். கிரிபித்தைத் தம் ஆசானாகக் கொண்டு, இறுதிவரை அவருக்காகப் பரிந்து பேசினாரேயன்றி அப்படத்தின் கொடுமையை அவர் வெளிப்படக் கண்டித்ததாக யாம் அறியோம். 1969-இல் வெளிவந்த அவருடைய சுயசரிதையின் பெயரிலேயே கிரிபித்தின் பெயரும் இருக்கின்றது. தமக்கையார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தப் படம் பார்த்துவிட்டு வந்த ஒரு கறுப்புப் பையன் வீட்டிலே அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான்?” என்றார். எமக்கு விடை கூற இயலவில்லை. ஒஹையோவிலுள்ள பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் ஒரு படக்கொட்டகைக்குக் கிஷ் சகோதரியரின் பெயர் வழங்கி வந்தது. கறுப்பு மாணவர்கள் இவ்வினாவை ஒத்த வினாவை எழுப்பவே, 2019-ஆம் ஆண்டில் அப்பெயர் நீக்கப்பட்டது. ஒரு படத்துக்காக வாழ்நாட் பணியை மறப்பதா என்று சினிமா உலகத்துப் பெரியோர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு எதிர்த்தனர். யாம் அக்கல்லூரியின் ஆட்சிக் குழுவில் இருந்திருப்பின் எப்பக்கம் கையுயர்த்தியிருப்போம் என்று இன்றுவரை துணிய முடியவில்லை. தமக்கையாருக்கு அத்தகைய ஐயம் ஒன்றும் இல்லை.

ஆயினும் படங்களைத் தொடர்ந்து சொல்லும்படி அவரே பணித்தார்.

உழைப்பைப் பற்றிக் கூறாது விடின் இவ்வம்மையாரைப் பற்றிக் கூறியது ஆகாது. 1920-இல் வெளிவந்த ‘கிழக்கே தொலைவில்’ என்னும் படத்தில், வஞ்சிக்கப்பட்டு வீட்டினின்றும் துரத்தப்பட்ட பெண்ணாக, உறைந்த ஆற்றிலே மிதந்து செல்லும் பனிப்பாறைமேல் மயங்கிக் கிடக்கின்றார். வெர்மாண்டு மாகாணத்தில் உண்மையான ஆற்றில், உண்மையான பனிக்கட்டிமீது, கடுங்குளிரில் எடுக்கப்பட்ட காட்சி அது. கையையும் கூந்தலையும் நீரில் தொங்கவிட வேண்டும் என்று சொன்னவர் டைரக்டர் அல்லர், அம்மையாரே. அக்கைக்கு அன்று நேர்ந்த கேடு ஆயுள் முழுவதும் தீரவில்லை. “எந்தக் கை?” என்றார் தமக்கையார். வலக்கை என்றோம். “வேலை செய்கிற கையா!” என்று பெருமூச்செறிந்தார்.

1926-இல் ‘லா போஹேம்’ என்னும் படத்தில் காசநோயால் இறக்கும் மிமியாக நடித்தபோது, உதடுகள் வறண்டிருத்தல் வேண்டி மூன்று நாள் நீரருந்தாது இருந்தார். மரணக் காட்சியில் அவர் மூச்சு விடுவதே தெரியாமற் கிடக்கக் கண்டு, மெய்யாகவே இறந்துவிட்டாரோ என்று அஞ்சியதாக டைரக்டர் கிங் விடார் எழுதியிருக்கின்றார். 1928-இல் ‘காற்று’. எமக்கு அவருடைய ஊமைப் படங்கள் யாவற்றுள்ளும் சிறந்ததாகத் தோன்றுவது இதுவே. டெக்ஸாஸ் பாலைக்கு வாழவந்த ஓர் இளம்பெண் ஓயாத காற்றினாலும் மணலினாலும் சித்தம் கலங்கும் கதை. விக்டர் சியோஸ்திரோம் என்னும் சுவீடன் தேசத்தார் டைரக்டர். மொஹாவி பாலைவனத்தில் 120 பாகை வெப்பத்தில், எட்டு ஆகாய விமான எஞ்ஜின்களை வைத்து மணலை வாரியிறைத்து எடுத்தனர். கதவின் இரும்புப் பிடியைத் தொட்ட அம்மையாரின் கை வெந்துபோயிற்றாம். நாவலில் அப்பெண் பித்துற்றுப் புயலுக்குள் நடந்து போய்விடுகின்றாள். படத்திலோ கணவனுடன் கதவைத் திறந்து வைத்துக் காற்றை எதிர்கொண்டு நிற்கின்றாள். யாம் நாவலின் முடிவே தக்கதென்றோம். தமக்கையார் படத்தின் முடிவே தக்கதென்றார்.

அதற்குள் சினிமா பேசத் தொடங்கிவிட்டது. படக் கம்பெனியார்க்குக் கிரேட்டா கார்போ போன்ற புதிய அழகியர் மேல் நாட்டம் சென்றது. 35 வயதில் லில்லியன் பழமைப் பொருளாகிவிட்டார். அவர் அதற்காக ஒப்பாரி வைத்ததாகத் தெரியவில்லை. தாம் தோன்றிய நாடக மேடைக்கே திரும்பி, 1930-இல் செகாவின் ‘வான்யா மாமா’விலும், 1936-இல் ஜான் கில்குட்டுடன் ‘ஹாம்லெத்’தில் ஒபீலியாவாகவும் நடித்தார். வீட்டிலோ வேறு கடமை காத்திருந்தது. 1926-இல் பக்கவாதத்தால் வீழ்ந்த தாயாரை 1948-இல் அவர் இறக்குமளவும் சகோதரியர் இருவரும் பேணினர். லில்லியன் மணஞ்செய்துகொள்ளவில்லை. 1946-இல் ‘சூரியனில் இருவர் போர்’ என்னும் படத்தில் துணைப் பாத்திரம் ஏற்று, வாழ்நாளில் ஒரே முறையாக ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டார், பரிசு கிட்டவில்லை.

பின்பு 1955. சார்லஸ் லாட்டன் என்னும் பேர்பெற்ற நடிகர் தம் வாழ்நாளில் டைரக்டராக இருந்து வெளியிட்ட ஒரே படம் ‘வேடனின் இரவு’. போலிப் போதகன் ஒருவன், விரல்களில் அன்பு என்றும் வெறுப்பு என்றும் பச்சை குத்திக்கொண்டவன், பணத்துக்காக இரு குழந்தைகளைத் துரத்தி வருகின்றான். அவர்களுக்கு அடைக்கலம் தரும் ரேச்சல் கூப்பர் என்னும் கிழவியே லில்லியன். இரவில் அவன் வேலிக்கு வெளியே அமர்ந்து ஒரு ஞானப்பாட்டைப் பாடுகின்றான். அவர் ஆடுநாற்காலியில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பாட்டோடு தம் பாட்டையும் சேர்க்கின்றார். அவன் பாட்டில் விட்டுவிட்ட இயேசுவின் திருநாமம் அவர் பாட்டில் இருக்கின்றது. இருவரும் ஒரே மெட்டில் ஒத்துப் பாடுகின்றனர். ஒருவர் கொல்ல வந்தவர், மற்றவர் காக்க இருப்பவர். இது பேசும்படம், யாம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மெட்டு தமக்கையார் சிறுவயதில் போர்டிங் பள்ளியிற் கற்றதே. மூன்றாம் அடியில் அவரும் சேர்ந்துகொண்டார். அப்போது எம் வீட்டில் மூவர் பாடினர். வெளிவந்த காலத்தில் அப்படம் பணம் திரட்டவில்லை என்பதைச் சொன்னோம், அவர் வியப்புறவில்லை.

அதன் பின் வந்த பட்டங்களை விரைந்து சொல்லிவிடலாம். 1971-இல் கௌரவ ஆஸ்கார். 1984-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் வாழ்நாட் சாதனை விருது. பழைய படச்சுருள்கள் மக்கி அழியாதவாறு காக்கவேண்டும் என்று ஊர் ஊராய்ச் சென்று பேசினார். அவர் டைரக்டராக இருந்து டாரதியை நடிக்கவைத்து 1920-இல் எடுத்த ஒரே படமே இன்று கிடைக்காமற் போனதை நினைத்தால் அப்பேச்சின் பொருள் விளங்கும். டாரதி 1968-இல் இத்தாலி தேசத்தில் காலமானார்.

இனிக் கடைசிப் படம். ‘ஆகஸ்டு மாதத்துத் திமிங்கிலங்கள்’ 1986-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மெயின் மாகாணத்தைச் சேர்ந்த கிளிப் தீவில் எடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வெளிவந்தது. டைரக்டர் லிண்ட்ஸே ஆண்டர்சன். கடற்கரை வீடொன்றில் கோடைக்கு வந்து தங்கும் இரு கிழச் சகோதரியர். பார்வையிழந்த மூத்தவள் லிபியாகப் பெட்டி டேவிஸும், அவளைப் பேணும் இளையவள் சாராளாக லில்லியன் கிஷ்ஷும் நடித்தனர். இளையவளுக்கு 93 வயது, மூத்தவளுக்கு 78! 1921-இல் பாரிஸ் தெருவில் குருட்டுத் தங்கையைத் தேடியவர், 65 ஆண்டு கழித்து மெயின் கடற்கரையில் குருட்டுத் தமக்கையின் வெண்கூந்தலை வாரிவிடுகின்றார். இதனைக் கண்டபோது எம் உள்ளம் உருகிற்று. சாராளின் பொறுமை, அவள் நடை, இறந்த கணவனின் படத்தை மேசைமேல் வைத்து அதனுடன் அவள் தனித்திருக்கும் இரவு இவற்றை யாம் இடையிடையே புகழ்ந்துகொண்டே இருந்தோம். உண்மையைச் சொல்லப் புகுந்தால், எம்மையே புகழ்ந்துகொண்டிருந்தோம் போலும்.

படம் முடிந்ததும் தமக்கையார் கூறியதை யாம் எதிர்பார்க்கவில்லை. “தம்பி, அந்தச் சாராளின் பொறுமையைப் பத்துமுறை சொல்லிவிட்டாய். லிபிக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறையாவது சொன்னாயா?” லிபி கடுஞ்சொல் பேசுகின்றவள், வீட்டிற்கு வந்த விருந்தினரையும் புண்படுத்துகின்றவள், கடலைப் பார்க்கப் பெரிய ஜன்னல் ஒன்று வைக்கலாம் என்றால் இந்த வயதில் புதியன எதற்கு என்று தடுக்கின்றவள் என்றோம். “தன் சீப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவளுக்கு வாய் ஒன்றுதானே மிச்சம். அந்தப் பெட்டி டேவிஸ் குரலில் உள்ளது கோபம் இல்லை, பயம். உன்னுடைய லில்லியன் நன்றாக நடிக்கிறாள், மறுக்கவில்லை. ஆனால் நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய்” என்றார். சிறிது பொறுத்து, வைகாசி பிறந்ததும் தாம் கிராமத்து வீட்டிற்குத் திரும்பிப் போகப் போவதாகவும், அங்கே அடுப்பு எத்தனை அடியில் உள்ளது, கிணறு எத்தனை அடியில் உள்ளது என்பதெல்லாம் தம் கால்களுக்குத் தெரியும் என்றும், எம் வீட்டில் ஓராண்டாகியும் எதுவும் தெரியவில்லை என்றும் சொன்னார்.

யாம் மறுத்தோம், கோபித்தோம், மருத்துவரை இழுத்துப் பேசினோம். மறுநாள் அப்படத்தை யாம் மட்டும் மீண்டும் பார்த்தோம், இம்முறை லிபியை. பெட்டி டேவிஸ் அப்படத்திற்குச் சில ஆண்டு முன்பே புற்றுநோய்ச் சிகிச்சையும் பக்கவாதமும் கண்டு தேறியவர். ஒட்டியுலர்ந்த முகம், வெடுக்கென்ற பேச்சு. சாராள் அறையை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் அம்முகம் அவள் காலடியோசையின் பக்கமே திரும்புகின்றது. முதல் நாள் இதனை யாம் காணவில்லை. காணாததைச் சொல்லவும் இல்லை. ஜன்னல் வைப்பதற்குக் கடைசியில் தானே முன்வந்து இசைகின்றவளும் லிபிதான். பின்பு இருவரும் கைகோத்துக் கடல்முனைக்குச் சென்று நிற்கின்றனர். திமிங்கிலங்கள் வரவில்லை.

லில்லியன் கிஷ் அம்மையார் 1993-ஆம் ஆண்டு பெப்ருவரி 27-ஆம் நாள் நியூயார்க் நகரில், நூறாண்டு நிறையச் சில மாதங்களே எஞ்சியிருக்கக் காலமானார். தாயாரும் டாரதியும் அடக்கம் செய்யப்பட்ட ஆலயத்திலேயே அவருக்கும் இடம் கிடைத்தது.

தமக்கையார் வைகாசி மூன்றாம் நாள் கிராமத்திற்குச் சென்றார். அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ளுகின்றாள். சனிக்கிழமைதோறும் பிற்பகல் பஸ்ஸில் யாம் அங்குச் செல்லுகின்றோம்; கணினியையும் எடுத்துச் செல்லுகின்றோம். சென்ற வாரம் ‘காற்று’ படத்தை இரண்டாம் முறை கேட்டார். மணற்புயலில் அப்பெண் ஜன்னலருகே நிற்கும் இடத்தில் யாம் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தி, “இப்போது கை எங்கே?” என்றார். இடக்கை ஜன்னற் சட்டத்தின்மேல் என்றோம். “மற்றக் கை?” என்றார். படத்தை நிறுத்திப் பார்த்துச் சொன்னோம்.